விழுந்தால் எழும்பக் கூடாத ஆறு

மழை என்றுதான் நினைத்தேன்.

கூடாரத்துக்குள் பையை வைத்துவிட்டு நிமிர்கிறேன், சோவென்று சத்தம்.

"எடியேய், மழை! கொடியிலை போட்ட உடுப்பை எடுங்கோ!" என்று ஊர்ப் பழக்கத்தில் கத்திக்கொண்டு வெளியே ஓடினேன். எனக்குப் பின்னால் திரேசா, அவளுக்குப் பின்னால் கமலா. வெளியே வந்தால் பளீரென்று வெயில்...

வள்ளக்காரர் சிவா துடுப்புகளை அடுக்கிக்கொண்டு நின்றார். மலைநாட்டுத் தமிழர். சிரிப்பை அடக்கமுடியவில்லை அவருக்கு.

"மழை இல்லீங்கம்மா. ஆறு."

ஆறே ஓடாத ஊரில் பிறந்தவளுக்கு ஆற்றின் சத்தம் எப்படித் தெரியும்?

சண்டை முடிந்து தெற்குக்குப் பாதை திறந்து சில வருடங்கள் ஆன நேரம் அது. யாழ்ப்பாணத்து அரியாலையில் நண்டுக் கொம்பனியில் சதை எடுக்கிற வேலை எங்களுக்கு. ஒரே மேசையில் நாலு பேர். டிவியில் ரப்பர் வள்ளம் ஒன்று ஆற்றில் துள்ளித் துள்ளிப் போவதைக் காட்டினார்கள். "மடு, கதிர்காமம் எண்டு எத்தினை தரமடி கோயிலுக்கே போறது? உதுக்குப் போவம்" என்றாள் குருநகர் திரேசா. மலைநாட்டுப் பக்கம் கித்துல்கலவில் மூன்று நாள், கூடாரத்தில் படுக்கை, ஆற்றில் வள்ளம். கேட்கவே எனக்குப் பயம்.

நாலாவது ஆள் புஷ்பம். என் அடுத்த வீட்டுக்காரி.

"ராசுவோ? உவள் வரமாட்டாள். பயந்தாங்கொள்ளி" என்றாள் என்னைக் காட்டி.

அதற்காகவே போனேன்.

அந்தப் பட்டத்தை எனக்கு வைத்தவளே அவள்தான். பதினேழு வயதில் இரண்டு பேரும் பரவைக்கடலில் முழங்கால் தண்ணீரில் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்தோம். சொறி என்கிற ஜெல்லிமீன் ஒன்று என் கெண்டைக்காலில் உரசிவிட்டது. கண்ணாடி மாதிரி வழுவழு என்று மிதந்து வரும், பட்டால் நெருப்பாக எரியும். அழுதேன். யார்தான் அழமாட்டார்கள்? நான் கரைக்கு வருவதற்குள் புஷ்பம் ஓடிப்போய், நான் பயந்தாங்கொள்ளி என்று ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அவள் கட்டியிருந்தது பச்சைப் பாவாடை, தலையில் நீல ரிபன். ஆற்றுக்குப் போகும்போது அது நடந்து முப்பத்தொன்பது வருடம். ஒன்றும் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

முதல் நாள் சிவா பாடம் எடுத்தார்.

"ஆத்துல விழுந்தா எந்திரிச்சு நிக்கவே கூடாது. மல்லாந்து படுத்து, காலை முன்னால நீட்டிக்கங்க. தண்ணியே கொண்டு போயிடும். எந்திரிச்சா கால் கல்லுக்குள்ள மாட்டிக்கும்."

"தம்பி, எங்கடை ஊரிலை தண்ணிக்கை மல்லாந்து கிடந்தா அது செத்தவீடு!" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உண்மையும் அதுதானே. எங்கள் கடலில் விழுந்தால் எழும்பி நின்று, பாவாடையைப் பிழிந்துவிட்டு, வேலையைப் பார்ப்போம்.

எனக்கு என் மகளின் காற்சட்டை, ஆரஞ்சு நிற ஜாக்கெட், தலையில் ஹெல்மெட். புஷ்பம் கொண்டையை அவிழ்க்கமாட்டேன் என்று நின்றாள். அவளுடைய ஹெல்மெட் பானைக்குப் பொருந்தாத மூடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த ஆறு! வெள்ளை வெள்ளையாகச் சீறிக்கொண்டு வருகிறது... வள்ளம் மூக்கைத் தூக்கி ஒரே குத்தாகக் குத்துகிறது... வாய்க்குள் தண்ணீர், அதுவும் உப்பில்லாத தண்ணீர்! கமலா எல்லாக் கடவுளையும் கூப்பிட்டாள். திரேசா, "இன்னொருக்கா! இன்னொருக்கா!" என்று கத்தினாள். பின்னேரம் அவர்கள் தந்த கறியில் உறைப்பே இல்லை. கொண்டுபோன எங்கள் தூளைக் கொட்டிக் குழைத்துச் சாப்பிட்டோம். சிவா ஒரு வாய் வைத்துவிட்டு ஆற்றையே குடிக்கப் போனார்.

இரண்டாம் நாள் காலை வள்ளம் ஒரு கல்லில் இடித்தது. நானும் புஷ்பமும் தண்ணீருக்குள். மற்றவர்களோடு வள்ளம் வளைவு தாண்டிப் போய்விட்டது.

நான் என்ன செய்தேன்? எழும்பி நின்றேன். அத்தனை வருடப் பழக்கம்...

வலது கால் இரண்டு கல்லுக்கு நடுவே இறுகிவிட்டது. தண்ணீர் முதுகில் ஏறி என்னைக் குப்புறத் தள்ளுகிறது. காலை இழுக்க இழுக்க வரவில்லை. முடிந்தது என்றே நினைத்தேன். "என்ரை அம்மா..." என்று வாய்விட்டு அழுதேன்.

அப்போது புஷ்பம் என்னைத் தாண்டி வருகிறாள். சொல்லிக்கொடுத்த மாதிரியே மல்லாந்து, காலை நீட்டி, கொண்டையும் ஹெல்மெட்டுமாக.

"எடி பயந்தாங்கொள்ளி! படடி! பின்னாலை படு!"

வந்ததே எனக்குக் கோபம். சாகப்போகிற நேரத்திலும் அந்தப் பெயரா? "ஆரடி பயந்தாங்கொள்ளி?" என்று அவள் பக்கம் திரும்பினேன். திரும்பிய வேகத்தில் உடம்பு பின்னால் சரிந்தது. கால் செருப்பைக் கல்லுக்குள் விட்டுவிட்டுக் கழன்று வந்தது.

ஆறு என்னைத் தூக்கிக்கொண்டு போனது.

தண்ணீரில் நான் கழித்த வருடங்கள் எல்லாம் குனிந்தபடி. கண் எப்போதும் சேற்றில். அன்றைக்குத்தான் தண்ணீரில் கிடந்து வானத்தைப் பார்த்தேன். இரண்டு கரையிலும் மரங்கள் ஓடுகின்றன, நடுவில் நீலம்... அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டே போனேன். கீழே தண்ணீர் அடங்கிய இடத்தில் சிவா கயிறு எறிந்து இழுத்தெடுத்தார்.

மூன்றாம் நாள் ஒற்றைச் செருப்போடு வள்ளத்தின் முன்னால் நான்தான் இருந்தேன்.

திங்கட்கிழமை நண்டு மேசையில், மற்ற மேசைக்காரிகளும் கேட்க, புஷ்பம் வாயைத் திறந்தாள். நான் அழுததைக் கேட்டது அவள் மட்டும்தான்.

"எங்கடை ராசு, ஆத்துக்கு ஒரு செருப்பைத் தானம் குடுத்திட்டு வந்திருக்கிறாள்" என்றாள். அவ்வளவுதான். அடுத்த நாள் சொல்லுவாள் என்று பார்த்தேன். அடுத்த மாதமும் பார்த்தேன்.

இப்போது புஷ்பம் கனடாவில், மகளோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். "எடி பயந்தாங்கொள்ளி, சுகமோ?" "ஓமடி, சுகம்." எனக்கு முழங்கால் சரியில்லை. மல்லாந்து படுத்தால் மேலே தெரிவது ஃபேன்தான். கண்ணை மூடினால் மட்டும் அந்த மரங்கள் ஓடுகின்றன.

ஆற்றில் நான் அழுததை அவள் இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. அதனால்தான் நானே இங்கே எழுதிவிட்டேன்.

சொறிக் கதை வேறு. அதற்கு மன்னிப்பு இல்லை.