ஆடியில் போன ஜீப்

என் அக்காவின் கணவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதைப் படித்து முடிக்கும்போது நீங்கள் அவர் பக்கம் சாய்ந்துவிடலாம். சாய்ந்துகொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரிப் பட்டறையில் மாணவர்களுக்கு லேத் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை எனக்கு. வீடு கிழக்குத் தாம்பரத்தில். அடுத்த தெருவில் அக்கா வீடு. மாமா அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவர் கண்ணில் பட்டது எதுவானாலும் அவருக்கே சேர வேண்டும். குழம்பில் நல்ல துண்டு, கல்யாணப் பந்தியில் மின்விசிறிக்குக் கீழ் இலை, என் ஸ்கூட்டர், எல்லாம். ஸ்கூட்டர் மட்டும் திரும்பி வரும், டேங்க் காய்ந்துபோய்.

எனக்கு அப்போது ஒரே ஒரு ஆசை. வண்டலூருக்கு அப்பால் பாதி வற்றிய ஓர் ஏரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் ஜீப்புகளைக் கொண்டுவந்து சேற்றிலும் மேட்டிலும் ஏற்றி இறக்குவார்கள். நானும் மாமாவும் கரையில் நின்று வேடிக்கை பார்ப்போம். நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்றை வாங்கி, பிரித்து, உயர்த்தி, பெரிய டயர் போட்டு அந்த ஏரியில் இறக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். புதுசு வாங்க என் சம்பளம் இடம் தராது. கை இருக்கிறது, பட்டறை இருக்கிறது. உடல் கெட்டுப்போகாத வண்டி ஒன்று கிடைத்தால் போதும்.

எட்டு மாதம் தேடினேன். பையில் ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், கீழே விரிக்க ஒரு கோணி. பள்ளிக்கரணையில் ஒரு கான்ட்ராக்டர் காட்டிய ஜீப் மாப்பிள்ளை போலப் பளபளத்தது. கதவில் காந்தத்தை வைத்தேன், ஒட்டாமல் விழுந்தது. உள்ளே தகடே இல்லை, முழுக்கப் பட்டி பூசி பெயின்ட் அடித்திருந்தார்கள். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பின்னால் ஒன்று. ஃபோர் வீல் லீவர் ஜோராக விழுந்தது. கீழே படுத்துப் பார்த்தால் முன் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டையே காணோம். "அது எதுக்கு சார், கயட்டிட்டா மைலேஜ் குடுக்கும்" என்றான் விற்பவன். நான்கு சக்கர வண்டியை இரண்டு சக்கரமாக்கிவிட்டு அதைத் தன் சாமர்த்தியமாகச் சொல்கிறான். குரோம்பேட்டையில் பார்த்ததன் சேஸில், அதாவது அடிச்சட்டத்தில், ஸ்க்ரூ டிரைவர் ரஸ்க்கில் இறங்குவதுபோல் இறங்கியது.

கடைசியில் கோவளத்துக்கு முன்னால் ஒரு மீனவக் குப்பத்தில் அதைக் கண்டுபிடித்தேன். படகுகளைக் கரைக்கு இழுத்த ஜீப். குப்பத்துக்குப் பொதுவில் டிராக்டர் வந்துவிட்டதால் அதற்கு வேலை போய்விட்டது. கடல் ஓரத்து வண்டி என்றாலே தெறித்து ஓடுவார்கள், உப்பு தின்றிருக்கும். நானும் நம்பிக்கையில்லாமல்தான் கோணியை விரித்தேன். அடியில் நுழைந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். சேஸ் முழுக்க மீன் எண்ணெய், வருடக்கணக்காகப் பூசி மணலோடு இறுகிக் கிடந்தது. அதைச் சுரண்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் தட்டினேன். டங் என்று கேட்டது. இன்னொரு இடம். டங். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றினேன், ஷாஃப்ட் கூடவே சுற்றியது. அந்த நாற்றத்தில் படுத்தபடியே எனக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னா சார், வண்டிய பாக்க வந்தியா, கீய படுத்துத் தூங்க வந்தியா?" வண்டிக்காரம்மா கேட்டாள். நாற்பது வயதிருக்கும். கணவன் கடலுக்குப் போனால் மீன் விற்பதும் வண்டி ஓட்டுவதும் அவள்தான். அவளே என்னை உட்கார வைத்து மணலில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லீவரைத் தட்டினாள்.

"இத்த நல்லா கேட்டுக்க. மண்ல எறங்கசொல்ல மட்டும் இத்த போடு. ரோட்டுக்கு வந்துட்டியா, எட்த்துடு. தார் ரோட்ல போட்டுகினே ஓட்னா உள்ள பல்லு பூடும். எங்க வூட்டுக்காரரு ஒரு தபாகூட அப்டி ஓட்னதில்ல."

விலை படிந்தது. ஆனால் அன்றைக்கு ஆடி பிறந்து மூன்றாம் நாள். என் வீட்டில் ஆடியில் ஒரு துடைப்பம்கூட வாங்க மாட்டார்கள். தள்ளுபடிப் புடவைக்கு மட்டும் அம்மனிடம் தனி அனுமதி உண்டு. அவளும் அதையே சொன்னாள். "ஆடில வூட்டு வண்டிய வெளிய அனுப்ப மாட்டேன் சார். அம்மனுக்குக் கூழ் ஊத்தணும். ஆவணி மொத நாள் வா. உனுக்குத்தான். வேற யாரு வந்தாலும் கெடையாது."

அவள் வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். அடுத்த ஞாயிறு அக்கா வீட்டுச் சாப்பாட்டில் குப்பம், மீன் எண்ணெய், டங் சத்தம் எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா மோர் சாதத்தைப் பிசைந்தபடியே, "பரவாயில்லையே மச்சான்" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் யாரையும் பாராட்டுகிற ஆளில்லை.

ஆவணி முதல் நாள் மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு போனேன். ஜீப் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. வண்டிக்காரம்மா என்னைப் பார்த்துக் குழம்பினாள்.

"இன்னா சார், நீதானே உன் மாமாவ அனுப்சே? உனுக்கு வெளியூர்ல வேல, உடனே வேணும்னு சொன்னாரே. உனுக்குத்தானேன்னு ஆடிலயே குட்த்தேன்."

என் முகத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அடப்பாவி, பொய் சொல்லி என்னை அம்மனுக்கு முன்னால தப்பு பண்ண வெச்சிட்டானே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மாலையைக் கடற்கரையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

மாமா ஜீப்பை மேடவாக்கத்தில் ஒரு ஷெட்டில் ஒளித்துவைத்து வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு மாதம் கழித்து கறுப்புப் பெயின்டும் தலைக்கு மேல் நாலு விளக்குமாக என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். "ஆடியாவது ஆவணியாவது மச்சான், வண்டிக்குக் காலண்டர் தெரியுமா? யாரு வாங்கினா என்ன, நம்ம குடும்பத்துலதானே இருக்கு." அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெருமையாகச் சிரித்தாள். அவளுக்குக் கதை தெரியாது. நான் டயரை உதைத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றேன். அன்று முதல் அவர் தலைகுனிவதைப் பார்க்காமல் ஓய்வதில்லை என்று வைராக்கியம் கொண்டேன்.

வாய்ப்பை அவரே தட்டில் வைத்துக் கொடுத்தார். ஒரு சாயங்காலம் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். "மச்சான், இந்தச் சின்ன லீவரை எப்போ போடணும், எப்போ எடுக்கணும்? ஆளுக்கு ஒண்ணு சொல்றான்."

வண்டிக்காரம்மா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை என் காதில் இருந்தது. "எடுக்கவே வேணாம் மாமா. போட்டே வைங்க. நாலு வீலும் இழுத்தா வண்டி ரோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போகும்" என்றேன். அவர் தலையாட்டினார். அக்கா எனக்குக் காபி கொண்டுவந்தாள். நிதானமாகக் குடித்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் எனக்குத் திருவிழா. அலுவலகத்துக்கு அந்த ஜீப்பில்தான் போவார். தெருமுனையில் திரும்பும்போது டயர் முனகும், ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்து அவர் முகம் சுருங்கும். நான் பல் துலக்கியபடி வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பேன். வாரத்துக்கு வாரம் சத்தம் கூடியது. ஒருநாள், "ஸ்டியரிங் கனமா இருக்கு மச்சான்" என்றார். "பெரிய டயர் இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். கூசாமல் சொன்னேன். மறைப்பானேன், எனக்கு அது பிடித்திருந்தது.

மழை முடிந்த ஒரு ஞாயிறு அவர் முதல்முறையாக ஏரியில் இறங்கினார். கரையில் முப்பது பேர், அலுவலகத்து ஆட்கள் உட்பட. முதல் மேட்டில் பாதி ஏறியதும் அடியில் ஒரு வெடிச் சத்தம், பிறகு சல்லடையில் ஆணியைப் போட்டு ஆட்டுவதுபோல் ஒரு கரகரப்பு. எஞ்சின் அலறியது, எந்தச் சக்கரமும் அசையவில்லை. வண்டி மெதுவாகப் பின்னால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தது. கூட்டம் விசிலடித்தது. மாமா முழங்கால் சேற்றில் இறங்கிக் கயிறு கட்டினார், செருப்பு ஒன்று உள்ளேயே போய்விட்டது. அவருடைய கீழ்நிலை எழுத்தர் ஒருவர், "சார், லைட்டைப் போட்டுப் பாருங்க" என்றார். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அன்று மதியம் இரண்டு மடங்கு சாப்பிட்டேன்.

ஒரு வாரம் அவர் என் கண்ணில் படவில்லை. பிறகு தானே வந்தார். "எனக்கு வெறுத்துப்போச்சு மச்சான். ஆசைப்பட்டவன் நீ. நீயே எடுத்து ரெடி பண்ணிக்கோ, எனக்கு எதுவும் வேணாம்." நம்ப முடியவில்லை. பழியும் தீர்ந்தது, வண்டியும் வந்தது. தெருவில் இரண்டு பேரைப் பிடித்து என் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை இறக்கித் திறந்தேன். எண்ணெயோடு சேர்ந்து பற்கள் தட்டில் விழுந்தன. ஒரு பல்சக்கரத்தில்கூட முழு வரிசை இல்லை, உறையும் விரிசல் கண்டிருந்தது. பழைய மாடல் என்பதால் புதிது கிடைக்காது. புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். கடைசி நம்பிக்கையாகக் குப்பத்துக்குப் போனேன்.

வண்டிக்காரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தாள். அதே பெட்டி, எண்ணெயில் ஊறி, ஒரு கீறல் இல்லாமல். அவள் கணவன் என்றோ வாங்கி வைத்தது. என் கை தானாக நீண்டது.

"இரு சார். பல்லு எப்டி பூட்ச்சு?"

"மாமா தார் ரோட்ல போட்டுக்கிட்டே ஓட்டிட்டார்."

"அவுருக்குத் தெரியாது, சரி. உனுக்குத்தான் சொன்னேனே. நீ சொல்லலியா?"

நான் குனிந்து சாக்கின் விளிம்பைப் பிடித்தேன். அவள் விடவில்லை. "கேட்டாரா அவுரு?"

"கேட்டார்."

"நீ இன்னா சொன்னே?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் மட்டும் வாய் வரவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவள் சாக்கை மடித்து மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"உன் மாமன் என்னை ஏமாத்தி வண்டிய எட்த்துனு போனான். ஆனா ஓட்றதுக்குத்தான் எட்த்துனு போனான். பதினாலு வருசம் எங்க வூட்டுக்குச் சோறு போட்ட வண்டி சார் அது. நீ தெரிஞ்சே அத்த ஒடைக்க வெச்சே. பெட்டி வோணும்னா அவுர வரச் சொல்லு, துட்டு வாங்காம தரேன். எப்டி ஒடைஞ்சுதுன்னும் நானே அவுராண்ட சொல்றேன். உனுக்குத் தர மாட்டேன்."

பேருந்தில் திரும்பும்போது கணக்கு எளிதாகத்தான் இருந்தது. மாமாவை அனுப்பினால் ஜீப் ஓடும். அவருக்கும் அக்காவுக்கும் நான் செய்தது தெரியும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அவர்தான் நல்லவர், நான்தான் துரோகி. ஏரி, மேடு, நான் ஆசைப்பட்ட எல்லாமும் ஒரு பக்கம். அவர் என்னை மன்னிப்பது இன்னொரு பக்கம். அவர் கையால் மன்னிப்பு வாங்குவதற்கு ஜீப் போவதே மேல்.

வாசலில் மாமா காத்திருந்தார். "பெட்டி கெடைச்சுதா மச்சான்?"

"இல்லை மாமா. அவங்ககிட்ட இல்லை."

அடுத்த மாதம் காயலான் கடைக்காரர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வந்தார். மீன் எண்ணெய் ஊறிய சேஸை வெட்ட அவருக்கு அரை நாள் பிடித்தது. துரு பிடிக்காத இரும்பு, எதற்கு வெட்டுகிறீர்கள் என்று இரண்டு முறை கேட்டார். மாமா அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு என் பக்கத்திலேயே நின்றார். துண்டுகள் காயலான் வண்டியில் ஏறியதும் என் தோளில் கை வைத்து, "என்னாலதான் மச்சான். எனக்கு ஓட்டத் தெரியலை" என்றார். நான் ஆமாம் என்றேன்.