ஐந்தாம் அளவு என்று சொன்னவர்

எக்ஸ்ரே ராஜமாணிக்கத்தின் முழங்காலுக்கான செயற்கை மூட்டுப் பெட்டி சேலத்திலிருந்து வந்து இறங்கிய காலையில்தான், அவர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று நைனார்பாளையத்திலிருந்து அவர் மகள் போன் செய்தார். மறுநாள் நான் அவருக்கு அறுவை செய்வதாக இருந்தது. அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் மருத்துவமனைக்கு வந்துபோன எல்லோருக்கும், எக்ஸ்ரே எடுக்கும் அவரைத் தெரியும். "ஆடாத!" என்று அவர் போடும் அதட்டலில், முழங்காலைக் காட்ட வந்தவர்கள் மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொள்வார்கள்.

செருப்பைப் போலச் செயற்கை மூட்டும் பல அளவுகளில் வரும். எல்லாவற்றையும் எங்களால் அடுக்கி வைத்திருக்க முடியாது. படத்தைப் பார்த்து முன்பே கணித்துச் சொன்னால், அந்த அளவும் அதன் அக்கம்பக்கமும் வரும். அதற்காக ராஜமாணிக்கம் முழங்காலோரம் ஒரு பத்து ரூபாய்க் காசைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிப் படம் எடுப்பார். காசின் அளவு தெரியும் என்பதால், அதை வைத்துக் கம்ப்யூட்டர் எலும்பை அளந்துவிடும். ஏன் பத்து ரூபாய் என்று கேட்டேன். "கடையில வாங்காத காசு சார். ஒருத்தனும் எடுத்துக்கினு போவ மாட்டான்" என்றார்.

ஆனால் அவர் நம்பியது நோயாளி வாசலில் கழற்றிப்போட்ட செருப்பை. அதைப் பார்த்தே அளவு சொல்வார். "எலும்பு போட்டோவுக்கு போஸ் குடுக்கும் சார், செருப்பு குடுக்காது." கம்ப்யூட்டர் வைத்திருக்கும் திமிரில் நான் சிரிப்பேன்.

ரிஷிவந்தியத்துப் பச்சையம்மாளுக்குக் கம்ப்யூட்டர் ஆறு என்றது. ஐந்து, ஆறு, ஏழு வரவழைத்தேன். அறுவை நாள் காலையில் ராஜமாணிக்கம் அந்தம்மாவின் செருப்பைக் கையில் பிடித்தபடி தியேட்டர் கதவை மறித்து நின்றார்.

"இந்தக் காலுக்கு ஆறா? மூணுக்கு மேல ஏறாது. தொறந்துட்டு இன்னா சார் பண்ணுவீங்க?"

கத்தினேன். வேலையை விட்டு அனுப்புவேன் என்றுகூடச் சொன்னேன். அவர் நகரவில்லை. வேறொரு பத்து ரூபாய்க் காசை ஒட்டி மறுபடி படம் எடுத்தோம். மூன்று.

காரணத்தைப் பச்சையம்மாளே சொன்னார்: "பாவம், செல்லாத காசை வெச்சிக்கினு இருந்தாரு. அவரு அந்தாண்ட போனப்போ அதை எடுத்துட்டு, அதே பிளாஸ்திரிக்குள்ள என் அஞ்சு ரூவாயை ஒட்டினேன். கடைக்காரன் வாங்கலன்னா இன்னா, சாமி வாங்கும்னு அந்தப் பத்தை உண்டியல்ல போட்டுட்டேன்."

படத்தில் எல்லாக் காசும் வெள்ளை வட்டம்தான். சின்னக் காசைப் பெரியதென்று நம்பிய கம்ப்யூட்டர் எலும்பையும் பெரிதாக்கிவிட்டது. அவர் மறிக்காவிட்டால், காலைத் திறந்துவைத்துக்கொண்டு, பொருந்தும் மூட்டு இல்லாமல் நின்றிருப்பேன். சேலத்திலிருந்து மூன்று வந்தது, கச்சிதமாக உட்கார்ந்தது. அந்தம்மா இப்போது கோயிலைச் சுற்றி வருகிறார்.

நின்று நின்று ராஜமாணிக்கத்தின் மூட்டும் தேய்ந்தது. அவருக்குக் கம்ப்யூட்டர் நான்கு என்றது. அவர் தன் செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அஞ்சு சார்" என்றார். பந்தயம் கட்டினோம். தோற்றவர் சரியான அளவையும் தான் தோற்றதையும் எழுதி எக்ஸ்ரே அறைக் கதவில் ஒட்ட வேண்டும்.

பெட்டியில் இரண்டு அளவும் இருந்தன. திறக்காமலே திருப்பி அனுப்பினேன். அவர் கடைசிவரை ஒட்டிவந்த, பிளாஸ்திரிப் பிசுக்கு ஏறிய பத்து ரூபாய்க் காசை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். நான்கா, ஐந்தா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் எங்கள் மருத்துவமனைக்கு வந்தால் எக்ஸ்ரே அறைப் பக்கம் போய்ப் பாருங்கள். கதவில் என் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறேன்: "ஐந்து. நான் தோற்றேன்."