மரத்தடியில் காற்றுப் போகும் டயர்

தையல் மெஷின் ரிப்பேர்காரனுக்கு மெஷினைத் திறப்பது பாதி வேலைதான்; மெஷின் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வது மீதி. வீடு வீடாகச் சைக்கிள் மிதித்துப் பிழைத்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் குடியிருந்த இன்சீனில் சைக்கிளை ரயிலேற்றி, வடக்கே ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்குவேன். அங்கிருந்து காட்டுக்குள் ஒரு பழைய தடம். தேக்கு ஏற்றிவந்த ரயிலுக்காகப் போட்டது. தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துவிட்டார்கள். சிலீப்பர் கட்டைகள் மட்டும் அங்கங்கே மிச்சம். மூங்கில் வண்டி, கரி சுமக்கும் பெண்கள், மாடுகள், நான் என்று எல்லோருக்கும் அது ஒன்றே வழி.

வழி விடுதல்

முதல் தடவை போனபோது ஒரு மேட்டில் எதிரே மூங்கில் வண்டி இறங்கி வந்தது. நான் மணியடித்துக்கொண்டே ஏறினேன். வண்டி நிற்கவில்லை, நான்தான் புதருக்குள் போனேன். "நானும் சுமையோடுதானே வர்றேன்" என்று பின்னால் கட்டியிருந்த கருவிப் பெட்டியைக் காட்டினேன். வண்டிக்காரர் ஊ தெய்ன் திரும்பிக்கூடப் பாராமல் சொன்னார்.

"சுமையை யாரு கேட்டா? என் மாடு சரிவுல நிக்காது. நிக்க முடிஞ்சவன்தான் வழியை விட்டு இறங்கணும்."

மரத்தடி

பாதி வழியில் ஓர் ஆலமரம். அதில், அந்தப் பக்கத்து ஜனங்கள் கும்பிடும் நாட் என்ற காவல் தேவதைக்கு ஒரு சின்ன மரக்கூடு. அதைத் தாண்டும்வரை யாரும் சைக்கிளில் உட்கார்ந்து போவதில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். நானோ ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். இறங்கினால் என் விசுவாசம் என்ன ஆவது? இறங்காவிட்டால் இந்த ஜனங்களுக்கு நான் யார்?

இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழி கண்டுபிடித்தேன். மரம் வந்ததும் இறங்குவேன். குனிந்து டயரை அமுக்கிப் பார்ப்பேன். காற்றுப் போனதுபோல் தள்ளிக்கொண்டு நடப்பேன். இதை வெகுநாள் கவனித்த கரிக்கார மா சான், தலைச்சுமையை இறக்காமலே ஒருநாள் கேட்டாள். தொழில் தெரிந்தவனை அங்கே 'சயா' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"சயா, உங்க டயருக்கு இந்த மரத்துக்கிட்ட வந்தாத்தான் காத்து போகுமா?"

முழங்கால்

ஒரு மழைக்காலத்தில் ஈரச் சிலீப்பரில் சக்கரம் வழுக்கி விழுந்ததில் முழங்காலில் பலத்த அடி. சைக்கிளை விட்டுவிடச் சொன்னார் டாக்டர். படுத்துக் கிடந்தபோது யோசித்தேன். அந்த ஊர்களில் வேறு ரிப்பேர்காரன் இல்லை என்பதற்காகப் போகிறேனா, அல்லது என்னை ஒருவர் எதிர்பார்த்திருப்பது அங்கே மட்டும்தான் என்பதற்காகவா? ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த என் மனைவி ரோஸிடம் முதல் காரணத்தை மட்டும் சொன்னேன்.

"இன்சீன்ல மெஷினே இல்லையா? உங்களுக்கு வேண்டியது மெஷின் இல்லீங்க, அந்தக் காடு."

ஊசிப் பொட்டலம்

கால் தேறியதும், டாக்டர் சொன்னபடியே இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வர, கடைசியாக ஒருமுறை கிளம்பினேன். தடம் முடிகிற ஊரில் தையற்காரம்மா டோ மியா என் முதல் வாடிக்கை. பையன்களைப் புத்த மடத்தில் சேர்க்கும் விழாவுக்கு ஊருக்கே உடை தைப்பது அவருடைய ஒற்றை மெஷின்தான். எண்ணெய் போட்டேன், பெல்ட்டை மாற்றினேன். நான் வராத வருஷங்களுக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் நிறைய ஊசிகளை மேஜைமேல் வைத்தேன். அவர் அதையும் என்னையும் பார்த்தார். ஓர் ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு பொட்டலத்தை என் பக்கமே தள்ளினார்.

"ஒண்ணு போதும் சயா. இது ஒடிஞ்சா நீங்க வருவீங்கல்ல?"

வருவேன் என்றுதான் சொன்னேன்.

பிறகும் பல வருஷம் அந்தத் தடத்தில் போனேன். மரத்தடியில் ஏன் இறங்குகிறாய் என்று கேட்பவர்களுக்குக் காட்ட, டயருக்குப் பதிலாக இப்போது முழங்கால் இருந்தது.