சர்க்கார் பூட்டு

மகன் வீட்டுக் கதவு இப்போது விரலை வைத்தால் திறக்கிறது. "கரண்டு போனாலும் திறக்கும்மா" என்று பெருமையாகச் சொல்லுதான். சொல்லட்டும். எனக்குப் பூட்டு என்ற பேச்சே ஆகாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குப் பூட்டே கிடையாது. நாதாங்கியில் ஒரு கயிற்றைச் சுற்றிவிட்டுப் போவோம், அதுவும் நாய்க்குப் பயந்து. புதுத் துறைமுக வேலைக்கு வெளியூர் ஆட்கள் வந்து குவிந்த பிறகுதான் ஆளாளுக்குப் பித்தளைப் பூட்டு வாங்கினார்கள். நானும் வாங்கினேன், உள்ளே பூட்டி வைக்க ஒரு மண்ணும் இல்லாவிட்டாலும்.

துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கிகளில் கதை வேறு. கப்பலில் வந்த சரக்குக்குச் சுங்கத் தீர்வை கட்டி முடிக்கும்வரை இரும்புக் கதவில் இரண்டு பூட்டுத் தொங்கும். ஒன்று முதலாளியுடையது, இன்னொன்று சர்க்காருடையது. சர்க்கார் பூட்டின் மேல் அரக்கு முத்திரை வேறு. இரண்டு சாவியும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். எப்பேர்ப்பட்ட சண்டியனும் அந்த அரக்கைக் கண்டால் ஒதுங்கித்தான் போவான்.

என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற வேலை. சித்திரை மாதம் ஒரு நாள் காய்ச்சலோடு கிளம்பினார். "ஒரு நாள் வீட்டுல கெடந்தா குடியா முழுகிரும்?" என்று கத்தினேன். கேட்கிற ஆளா அவர்?

மத்தியானம் தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டுபோனால் கிட்டங்கி பூட்டிக் கிடக்கிறது. வேலை சீக்கிரமே முடிந்துவிட்டதாம். ஆட்கள் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். என் அண்ணனும் அங்கேதான் வேலை பார்த்தான். "அவுக எங்கண்ணே?" என்றேன். "காய்ச்சல்னாம்லா, வீட்டுக்குப் போயிருப்பான்" என்றான். அப்போதுதான் இரும்புக் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

அவர்தான். முடியாமல் மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய்ப் படுத்திருக்கிறார். கதவைச் சாத்தும்போது மூட்டையை எண்ணிப் பார்த்தவர்கள் ஆளை எண்ணவில்லை.

கணக்குப்பிள்ளை ஓடிவந்து முதலாளி பூட்டைத் திறந்தார். சர்க்கார் சாவியை வைத்திருந்த சுங்க ஆபீசர் ஏரலில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். மாற்றுச் சாவி ஆபீஸ் பெட்டகத்தில். பெட்டகச் சாவியும் அவர் மடியிலேயே. வாடகைக் கார் பிடித்து ஆள் அனுப்பினார்கள்.

தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. கதவில் கை வைத்தால் சுட்டது. "ஏளா, தண்ணி" என்று உள்ளேயிருந்து கேட்டார். குடத்தை வாங்கிக் கதவுக்கு அடியில் ஊற்றினேன். அத்தனையும் என் காலடிக்கே திரும்பி ஓடி வந்தது.

"ஒடைங்கய்யா! நின்னு வேடிக்க பாக்கியளே, ஒடைங்கய்யா!"

"சர்க்கார் முத்திரை தாயி. தொட்டா ஜெயிலு" என்றார் கணக்குப்பிள்ளை. ஆமாம் ஆமாம் என்று அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். நானே போய்க் கடப்பாரையை எடுத்தேன். அண்ணன் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏளா, கிறுக்கா புடிச்சிருக்கு? ஒன்னய உள்ள தூக்கிப் போட்டுட்டான்னா புள்ளைய யாரு பாப்பா? இந்தா, இப்ப வந்துருவாரு."

அவன் கெட்டவன் இல்லை. என்மேல் உயிரையே வைத்திருந்தவன். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

தட்டுவது மெதுவாயிற்று. பிறகு நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை. "அசந்து தூங்கியிருப்பான்" என்றான் ஒருத்தன். அவன் வாயில் மண்ணை அள்ளிப் போடலாம்போல் இருந்தது.

வெயில் தாழ்ந்துதான் கார் வந்தது. அந்த ஆபீசரைக் கேட்பதற்கென்று எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையை எல்லாம் நெஞ்சுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். அவரோ கல்யாணத்துக்குக் கட்டின சரிகை வேட்டியோடு, காலில் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தார். வந்த அவசரத்தில் சாவி ஒரு தரத்தில் பூட்டுக்குள் போகவில்லை.

"பாருங்க சார், முத்திரை அப்படியே இருக்கு. நாங்க யாரும் தொடல" என்றார் கணக்குப்பிள்ளை.

கதவு திறந்தது. வாசலை ஒட்டியே கிடந்தார், உதடு வெடித்து, கண் திறந்தபடி. ஆபீசர்தான் குனிந்து மூக்கில் விரலை வைத்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்யா, உள்ள ஒரு உயிரு துடிக்குது. ஒடைச்சுட்டு நாலு பேரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தா போதுமேய்யா! ஒடைக்கக் கூடாதுன்னு எவன்யா சொன்னான்?"

சர்க்காரில் எவனும் அப்படிச் சொன்னதில்லையாம். நான் என் வீட்டுக்காரர் பக்கத்தில் போகப் பார்த்தேன், முடியவில்லை. அண்ணன் இன்னும் என் கையை விடவில்லை.