செலின் அக்கா கட்டுன கடைசி மோட்டாரு

செலின் அக்கா போய்ட்டாங்க.

முந்தாநேத்து விடியக்காலைல நெஞ்சு வலின்னு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கினு ஓடியிருக்காங்க... வழியிலயே முடிஞ்சிடுச்சி. நேத்து அடக்கம். எனக்கு இன்னும் நம்பிக்கையே வரல.

திண்டிவனத்துல நம்ம லேத்து பட்டறைக்கு வந்து போற ஃப்ரெண்ட்ஸுக்கு அவங்கள தெரியும். தெரியாதவங்களுக்கு சொல்றேன். விழுப்புரத்துல மோட்டாருக்கு காயில் கட்டுறவங்க. எரிஞ்ச மோட்டார பிரிச்சி, புதுசா செம்புக் கம்பி சுத்தி, வார்னிஷ் ஊத்தி, நம்ம கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டிட்டுத்தான் போவாங்க. வாய் மட்டும் எட்டூருக்கு கேக்கும்.

ஒரு தடவ பஸ்ல சின்ன மோட்டார் ஒண்ண மடியில வெச்சிக்கினு வந்திருக்காங்க. கண்டக்டர் லக்கேஜ் போட்டே ஆவணும்னு நின்னுட்டாராம். "என் புள்ளய்யா இது. மடியிலதான ஒக்காந்துக்கினு வருது, ஒனக்கு இன்னா பேஜாரு?"ன்னாங்களாம். பஸ்ஸே சிரிச்சதுல கண்டக்டரும் சிரிச்சிட்டு போய்ட்டாரு.

ஆனா அக்காவுக்கு ஒரு ராசி. அவங்க கனெக்‌ஷன் குடுத்தா, மொத தடவ சுச்சி போட்டதும் மோட்டாரு ரிவர்ஸ்லதான் சுத்தும்!

பெரிய தப்பு ஒண்ணும் இல்ல. மூணு ஒயர்ல ரெண்ட மாத்திப் போட்டா சரியாய்டும். யாருக்கு வேணா எப்பவாச்சும் நடக்கும்... இவங்களுக்கு எப்பவுமே நடக்கும். அதனால மொதல்ல பெல்ட்ட கழட்டி வெச்சிடுவாங்க. இல்லன்னா லேத்து தப்பான பக்கம் சுத்தி, இரும்ப கவ்விப் புடிக்கிற சக்கு கழண்டு பறந்துடும்.

சுத்த ஆரம்பிச்சதும் "நிறுத்துடா நிறுத்துடா, ரிவர்சு!"ன்னு ஒரு கத்து. பக்கத்து டீக்கடையில இருந்து "இன்னா செலினு, இன்னிக்கும் பின்னாலயா?"ன்னு குரல் வரும். "நீ முன்னால போய் இன்னாத்த கிழிச்ச?"ம்பாங்க.

ஒயர மாத்தி ஓட்டிட்டு, ஸ்க்ரூட்ரைவர் முனைய பேரிங் மேல வெச்சி, பிடிய காதுல வெச்சிக்கினு, உள்ள ஓட்டம் சரியா கேக்குதான்னு கண்ண மூடிக்குவாங்க. அப்ப மட்டும்தான் அந்த வாய் மூடும்.

"இன்னாக்கா சொல்லுது?"

"டீ கேக்குதுடா. ஜல்தி போய் வாங்கியா."

போன வாரம் எங்க பெரிய லேத்து மோட்டாரு எரிஞ்சி போச்சி. ரொம்பப் பழசு, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குன்னு ஆளாளுக்கு சொன்னாங்க. அக்கா ஒத்துக்கல. "வார்ப்பு இரும்புடா இது. இந்த மாதிரி ஒடம்பு இப்ப எவனுக்கு இருக்குது?"

கட்டி முடிச்சி குட்டியானை வண்டில ஏத்தியாந்து, அவங்களே மாட்டி, கனெக்‌ஷனும் குடுத்தாங்க. பெல்ட்டு மட்டும் போடல. டெஸ்ட் லேம்ப் வெச்சி பாத்தாங்க, கரண்ட் லீக்கேஜ் இல்ல. வார்னிஷ்தான் இன்னும் ஈரம்.

"நாளைக்கு வந்து நானே ஓட்டுறேன். அதுக்குள்ள சுச்சில கைய வெச்ச... ஒடச்சிடுவேன்." சொல்லிட்டு கெளம்பிட்டாங்க. அவங்க ஸ்க்ரூட்ரைவர் மேடை மேலயே கெடந்துச்சி. நாளைக்கு வருவாங்கல்லன்னு விட்டுட்டேன்.

கல்லறையில மண்ணு போட்டுட்டு திரும்புறப்ப, அவங்க வூட்டுக்காரர் அந்தோணி அண்ணன் என் கைய புடிச்சிக்கினாரு. "அந்த மோட்டாரு ஓடுச்சா தம்பி? வூட்டுக்கு வந்ததுல இருந்து அதையே பேசிக்கினு இருந்தா... ஓடும்ல, ஓடும்லன்னு."

"பாத்துட்டு சொல்றேண்ணா"ன்னேன்.

இன்னிக்கு காலைல பட்டறைய தொறந்தா வார்னிஷ் காஞ்சிடுச்சி, வாசன மட்டும் அப்படியே நிக்குது. மெயின் ஆஃப்ல இருக்குது, ஆனா என் காதுல ம்ம்ம்முன்னு ஒரு ஓட்டம். ஸ்க்ரூட்ரைவர எடுத்து பேரிங்ல வெச்சி கேட்டேன். ஓடாத மோட்டாருக்கு எவனாவது காது வெப்பானா... வெச்சேன்.

பயமா இருந்துச்சிங்க. எரிஞ்சி கிரிஞ்சி போச்சின்னா அந்த மனுஷனுக்கு இன்னா பதில் சொல்றது?

அண்ணனுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சிட்டு, மெயின ஆன் பண்ணி, சுச்சிய போட்டேன்.

ஓடுச்சி. பொக இல்ல, ஒதறல் இல்ல. "ஓடுதுண்ணா!"ன்னு கத்திட்டேன்.

அண்ணன் மெதுவா, "எந்தப் பக்கம்?"னாரு.

அப்பதான் பாத்தேன்.

"...ரிவர்ஸ்ண்ணா."

சிரிச்சாரு. சிரிச்சிக்கினே இருந்தவரு எப்ப அழ ஆரம்பிச்சாருன்னு தெரியல.

என் கை சுச்சி மேலயே இருக்குது. நிறுத்துடான்னு கத்த ஆளு இல்ல. டீக்கடையில இருந்தும் ஒரு குரல் வரல. நான் வாசலயே பாத்துக்கினு நிக்கிறேன்.

"நிறுத்தாத தம்பி. கொஞ்ச நேரம் அப்படியே ஓடட்டும்"னாரு அண்ணன்.

போய்ட்டு வாங்கக்கா. ஒயர நாளைக்கு மாத்திக்கிறேன்.