இறுகிய தோளுக்கு இரண்டு ஊசி

எனக்கும் மச்சாளுக்கும் ஒரே வருடத்தில் தோள் இறுகிப் போனது. எனக்கு வலது, அவருக்கு இடது. மச்சாள் என் கணவரின் அக்கா. நல்லூரில் எங்களுக்கு அடுத்த வளவு. இருவருக்கும் சலரோகம், இரத்தத்தில் சீனி கூடும் வருத்தம், இருந்தது. அதைத் தவிர எங்களுக்குள் வேறு ஒற்றுமை கிடையாது.

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். கரும்பலகையின் மேல்பாதி எனக்கு எட்டாமல் போனது. தலை வாரவும் சட்டைக்குக் கொளுக்கி போடவும் மகளைக் கூப்பிட வேண்டும். வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் உயிர் போய்வரும்.

மச்சாள் என்னைத் தன் டொக்டரிடம் கூட்டிப் போனார். அவருடைய பெருமையை ஊரில் பலரும் பேசினார்கள். பேசாதவர்களுக்கு டொக்டரே எடுத்துச் சொல்வார். நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில், வெளிநாட்டுப் பனியில் அவர் நிற்கும் படமொன்று மாட்டியிருந்தது. சாமி படம் அதைவிடச் சிறியது.

அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. என் கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கவும் இல்லை.

"உது நரம்பு காய்ஞ்சு போய்க் கிடக்கு. சிவப்பு ஊசி கொஞ்சம் போட்டால் சரி."

"எனக்கு மூட்டெல்லோ அசையேல்லை, டொக்டர்?"

"நீங்கள் என்ன படிப்பிக்கிறியள்?"

"கணக்கு."

"அப்ப கணக்கைப் பாருங்கோ."

மச்சாள் சிரித்தார். அந்தச் சிவப்பு ஊசி வெறும் விற்றமின். தோள் வலிக்கு அதை இடுப்புக்குக் கீழே குத்துவார்கள். மச்சாள் அன்றே குத்திக்கொண்டார். நான் எழும்பி வந்துவிட்டேன்.

பிறகு கணவரின் சைக்கிளில் பின்னால் இருந்து பக்கத்து ஊரான திருநெல்வேலிக்குப் போனேன். அங்கே ஒரு சிறிய அறையில் இளம் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். என்னைக் கையைத் தூக்கச் சொன்னார். முடியவில்லை. தானே பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை.

"உங்களாலையும் தூக்கேலாது, என்னாலையும் தூக்கேலாது. மூட்டைச் சுத்தி இருக்கிற உறை இறுகிப் போச்சு. மூட்டுக்குள்ளை ஸ்டீரொய்ட் ஊசி ஒண்டு போடலாம். வலி குறையும். ஆனா சீனி ஏறும், கவனமா இருக்கோணும்."

"விறைப்பு விட்டிடுமோ?"

"அதுக்கு ஒரு வருசமும் எடுக்கும், ரெண்டு வருசமும் எடுக்கும். ஊசி போட்டாலும் போடாட்டிலும் அநேகமா விட்டிடும்."

"அப்ப ஏன் போடோணும்?"

"அதுவரைக்கும் நீங்கள் நித்திரை கொள்ள."

போரால் யாழ்ப்பாணத்துக்கு மருந்துகள் வராத காலம் அது. தன்னிடம் மிஞ்சியிருந்ததில் ஒன்றைத்தான் எனக்குப் போட்டார். அந்தக் கிழமையே நித்திரை வந்தது. சீனியும் அவர் சொன்னபடி ஏறியது, சோற்றைக் குறைத்தேன். தோள் இறுகியபடியே இருந்தது, ஆனால் வலிக்கவில்லை. அவர் காட்டித் தந்தபடி தினமும் விரல்களைச் சுவரில் ஏறவிட்டுப் பழகினேன்.

"உவள் நேற்றுப் படிச்சு முடிச்ச பெட்டை. வருசக் கணக்காகும் எண்டு சொல்லுறதுக்கு ஒரு டொக்டரோ?" என்றார் மச்சாள். உடனே சுகமாகும் என்று பொய் சொல்பவர்தான் அவருக்கு டொக்டர்.

சில ஊசிகளுக்குப் பிறகு மச்சாளுக்குக் குத்திய இடம் கல்லுப்போல வீங்கிச் சீழ் பிடித்தது. "கெட்ட நீர் வெளியிலை வருது, நல்லம்" என்றாராம் டொக்டர். மச்சாள் அதைப் பெருமையோடு எனக்குச் சொன்னார், குப்புறப் படுத்தபடி. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. நானும் கணவரும் வாடகைக் காரொன்றைப் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே வெட்டிச் சீழெடுத்தார்கள். நான் பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்கினேன். அந்த நாட்களில் மச்சாள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் அந்தப் பனிக்கால மனிதர் மேல்தான். அவர் வந்து எட்டிப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நாளில் ஒருவருக்கும் சொல்லாமல் கடல்நீரேரி தாண்டிக் கொழும்புக்குப் போய்விட்டார். பூட்டிய கேற்றடியில் சனம் அதற்குப் பிறகும் வந்து நின்றது.

"அங்கை அவர்தான் வேணுமெண்டு கேட்டிருப்பினம்" என்றார் மச்சாள்.

அடுத்த வருடக் கடைசியில் இருவரின் கைகளும் மெல்ல மெல்ல மேலே எழும்பின. மச்சாள் கொடியில் சீலை விரித்தபடி வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"பாத்தீரே, அந்த ஊசி இப்பதான் வேலை செய்யுது."

"எனக்கு அந்த ஊசி போடேல்லையே மச்சாள். என்ரை கையும் எழும்புது."

"உம்மடை வருத்தம் வேறை."

பிறகொரு நாள், கை தூக்க முடியாத அயலட்டை மனிசி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தா. மச்சாளும் இருந்தார். எப்பாடுபட்டாவது கொழும்புக்குப் போய் அந்த டொக்டரைத் தேடச் சொல்லி அவவுக்குப் புத்தி சொன்னார். நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

"அதுக்கு முதல் அவர் போட்ட ஊசியின்ரை தழும்பை ஒருக்கால் இவவுக்குக் காட்டிவிடுங்கோ மச்சாள்."

மச்சாள் எழும்பிப் போனார். கனகாலம் என்னோடு கதைக்கவில்லை. அந்த மனிசி மறுநாள் திருநெல்வேலிக்குப் போனா.