வாயைத் திறக்காத ஜெபமாலை

தோல் பதனிடுகிற ஷாப்பில் முப்பது வருஷம் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்தவன் நான். மயிர் கழிக்கிற தோலின் வாடை ஊர் எல்லை வரைக்கும் அடிக்கும். அதற்கே எனக்குக் குமட்டியதில்லை. போன அக்டோபரில், என் வீட்டுக் கூடத்தில் ஜெபம் நடந்தபோதுதான் குமட்டியது.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. காலை இழுத்து இழுத்து நடப்பாள். பேச்சு மட்டும் திரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும், நான் வேண்டுமென்றாலும் வாயிலிருந்து வருவது வெறும் காற்றுதான். டாக்டர், வந்தால் வரும் என்றார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் ஒரு நாளைக்கு ஒரு வீடாகத் தெரு முழுக்கச் சுற்றும். சுரூபம் இருக்கிற வீட்டில் சாயங்காலம் எல்லோரும் கூடுவோம். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் ஜெபத்தின் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொல்லி முடிக்க வேண்டும். அந்த மாதம் எதிர்வீட்டு முறையில் இவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்கார வைத்திருந்தேன். இருபது பேர் பின்பாதி சொல்லும்போது பக்கத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு குரல். இவள்தான்! ஒரு வார்த்தை விடாமல், கடைசி ஆமென் வரைக்கும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து நான் மட்டும் முன்பாதி சொல்லிப் பார்த்தேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் வரவில்லை. மறுநாள் கூட்டத்தில் உட்கார வைத்தால் மறுபடியும் வந்தது. அவளுடைய பேச்சு அந்த இருபது வாய்க்குள்தான் ஒளிந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். அந்தக் குரல் எங்கள் வீட்டுக்குள்ளும் கேட்கட்டும் என்று எங்கள் வீட்டு முறைக்குத் தவம் கிடந்தேன். சுண்டல்கூட இரண்டு படி போட்டேன்.

எங்கள் தெருக் குடும்பங்களின் ஜெபக்குழுவான அன்பியத்துக்குத் தலைவர் ஓய்வுபெற்ற வாத்தியார். எங்கள் முறையன்று கையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியோடு வந்தார். "அண்ணே, அம்புட்டுப் பேருக்கும் சோலி கெடக்கு. இதுல போட்டா செத்த நேரத்துல முடிஞ்சிரும்" என்றார்.

முன்பாதியும் பெட்டி, பின்பாதியும் பெட்டி. நடுவே கீபோர்டு இசை வேறு. வந்தவர்களில் பாதிப்பேர் செல்போனைத் தடவினார்கள். ஒருத்தி ஜெபமாலையை மடியில் போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டாள். சமையல்கட்டுப் பக்கமே பார்த்தபடி ஒருவன். என் மனைவியின் உதடு இரண்டு முறை அசைந்து நின்றுபோனது. நான் எழுந்துவிட்டேன்.

"நிறுத்துங்க வாத்தியாரே."

"சத்தம் கூடவா இருக்கு?"

"பெட்டிக்கு ஒரு கொறையும் இல்ல. ஒங்க வாய்க்கெல்லாம் என்ன கேடு?"

கொட்டாவிக்காரி, "எனக்குத் தொண்ட கட்டிருக்கு மாமா" என்றாள்.

"காலையில கொழாயடியில நீ போட்ட சத்தம் கொடைரோடு வரைக்கும் கேட்டுச்சே, ஆத்தா!"

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. "அம்புட்டு அக்கறைன்னா நீங்களே சொல்லுங்களேன். பூசை முடியிற வரைக்கும் கோயிலுக்கு வெளியவே நின்ன ஆளுதான நீங்க?"

பொய்யில்லை. தோல் வாடை அடிக்கும் என்று சாக்குச் சொல்லி, வேப்பமரத்தடியில் பீடியோடு நின்றவர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை சோப்புப் போட்டுக் குளித்தபிறகு என்ன வாடை? உள்ளே இவள் மற்றப் பெண்களோடு சேர்ந்து சொல்வது வெளியே கேட்கும். எங்கள் வாயில் புகை போய்க்கொண்டிருக்கும். இவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நினைக்க என் மேலேயே அருவருப்பாக வந்தது.

பெட்டியை அணைத்துவிட்டு நானே ஆரம்பித்தேன். எனக்குப் புத்தகம் படிக்கத் தெரியாது. எந்தக் கிழமைக்கு இயேசுவின் வாழ்க்கையில் எந்த மறைபொருளைத் தியானிக்க வேண்டும் என்பதும் தெரியாது, எதையோ சொன்னேன். முதல் மணிக்கு மூன்று பெண்கள் பதில் சொன்னார்கள். நாலாவதுக்குக் கூடமே சொன்னது. ஆறாவதில் இவள் குரல் வந்தது.

"ஐயோ, அத்த பேசுறாக!" என்று ஒருத்தி கத்தினாள். ஒருவன் செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தான். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் நிறுத்தியதும் இவள் குரலும் அறுந்தது.

"ஏலே, பாக்காதீங்கடா, சொல்லுங்கடா!"

சொன்னார்கள். அதுவும் சுண்டல் தட்டு வரும் வரைக்கும்தான். அதன்பிறகு கலைந்துவிட்டார்கள்.

மறுநாள் வாத்தியார் வீட்டு முறை. பெட்டியைக் காணோம். ஆட்களையும் காணோம். எங்களோடு சேர்த்து ஐந்து பேர். வாத்தியார் முன்பாதி சொன்னார், நாங்கள் பின்பாதி சொன்னோம். இவளுக்கு உதடு மட்டும் அசைந்தது. அந்தக் குரல்கள் போதவில்லை. வாத்தியார் இவளையே பார்த்தார். பிறகு ஜெபமாலையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "எந்திரிங்கண்ணே" என்றார்.

இரண்டு பேரும் தெருவில் இறங்கினோம். எல்லா வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த முகங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் அந்த வாய்கள் எனக்கு வேண்டும். அவர் வலது கை வரிசை, நான் இடது கை வரிசை என்று கதவைத் தட்டத் தொடங்கினோம்.